உள்வீதியில் வெறுங்கால்

சுதாகரன் கழுவிப் பிழைக்கிறவன். மானிப்பாய்ப் பக்கம் ஒரு சேர்விஸ் ஸ்ரேசனில் பதினொரு வருடம் வான், ஓட்டோ, உழவு இயந்திரம் என்று கழுவினான். பிறகு அழுத்தத்தோடு தண்ணீர் பீச்சும் பிறசர் மெசின் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பாசி பிடித்த மதிலும் முற்றத்துச் சீமெந்தும் தண்ணீர்த் தாங்கியும் கழுவத் தொடங்கினான். வயது நாற்பத்து நான்கு. மனைவி உதயகலா. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். வீடு சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டங்கள் முடிந்து பனங்கூடல் தொடங்கும் இடத்தில். அந்த இடத்தில் இருக்கிறவர்கள் என்ன சாதி என்று எழுத வேண்டியதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்பு கோயில் வாசலில் மறிக்கப்பட்ட ஆட்கள் என்றால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கும். இப்போது மறிப்பதில்லை. உள்ளே வரலாம், கும்பிடலாம், அர்ச்சனைத் துண்டு வாங்கலாம். திருவிழாவில் ஒரு நாளைத் தாங்கள் பொறுப்பெடுத்துச் செய்கிறோம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவன் அந்த மெசினைத் தெரிவுசெய்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தொழில் தெரியாதவன் காலைப் பறிகொடுத்தான் என்று பின்னர் ஊர் பேசியது. பேசியவர்களில் ஒருவருக்கும் அவனுக்குத் தெரிந்ததில் பாதி தெரியாது.

யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடை. விற்கிற பையன் பளபளப்பான மின்சார மெசின் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தான்.

"அண்ணை, இருநூறு பார் அழுத்தம். இதுக்கு மேலை கொழும்பிலையும் இல்லை."

"நிமிசத்துக்கு எத்தினை லீற்றர்?"

"பார்தானே அண்ணை முக்கியம்."

"பார் கீறும். லீற்றர்தான் கழுவும். உதாலை கோழிக்கூடு கழுவலாம். பம்புத் தலை பித்தளையோ?"

"பித்தளை மாதிரித்தான்."

"மாதிரி எண்டால் பிளாஸ்ரிக்."

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொம்பிளை பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறியள், அண்ணை."

"பொம்பிளை பிழைச்சால் திட்டுவா. இது பிழைச்சால் கையைக் கொண்டுபோகும், தம்பி."

கடைசியில் அவன் வாங்கியது பெற்றோலில் ஓடும் மெசின். பித்தளைப் பம்பு, இரும்புக் கம்பி பின்னிய குழாய். ஈர நிலத்தில் மின்சார வயரை இழுத்துக்கொண்டு திரிவதைவிட இது மேல் என்பது அவன் எண்ணம். பெற்றோல் புகை மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். ஆகவே மெசினை எப்போதும் வெளியே நிறுத்திக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோவான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. தண்ணீர் பீறும் நுனியை அது ஒரு மாதத்தில் அடைத்துவிடும் என்பதால், மெசினுக்குள் தண்ணீர் போகிற வாயில் இரண்டு மடிப்பு நைலோன் வலை கட்டியிருந்தான். ஞாயிறு தோறும் நுனிகளை வினாகிரியில் ஊறப்போடுவான். நுனிகள் நான்கு நிறம். வெள்ளை அகல விசிறும். பச்சை கொஞ்சம் ஒடுங்கும். மஞ்சள் சீமெந்தில் கோடு போடும். சிவப்பு ஒற்றை ஊசியாகப் பாயும். அதைத் தைலப் போத்தல் ஒன்றுக்குள் போட்டு மூடி வைத்திருந்தான். எங்கே போனாலும் வெள்ளையில் தொடங்கி, எட்ட நின்று, ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போவான். குழாய் முனையில் தண்ணீர் அடிக்கும் துவக்கின் விசையை ஒருநாளும் கயிற்றால் கட்டியதில்லை. மெசினை நிற்பாட்டிய பிறகும் விசையை ஒரு தரம் அழுத்தி, குழாய்க்குள் நிற்கும் அழுத்தத்தைக் கலைத்துவிட்டுத்தான் நுனியில் கை வைப்பான். கண்ணுக்குக் கண்ணாடி. காலுக்கு முழங்கால் வரை றப்பர் பூட்ஸ். விசையை அழுத்தியதும் துவக்கு ஆளைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டு காலும் நிலத்தைப் பிடித்து நின்றால்தான் தாங்கலாம். கால்தான் இந்தத் தொழிலுக்கு முதல் என்று அவன் சொல்வான்.

சென்ற வருடம் வைகாசியில் அயலூர் அம்மன் கோயிலில் இருந்து ஆள் வந்தது. கோயிலின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்றக் கோயில்கள் எல்லாம் ஆறுதலாக மூச்சுவிடும். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு கும்பாபிஷேகம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு வந்து, கோபுரத்துக்கு வர்ணம் அடித்து, உள்வீதிக்குக் கருங்கல் பதித்திருந்தார்கள். பழைய தூண்கள் மட்டும் விளக்கெண்ணெய்க் கரியும் வௌவால் எச்சமுமாகக் கறுத்துக் கிடந்தன. துடைப்பத்தால் தேய்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் சுதாகரனைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் பரிபாலன சபைத் தலைவர் சண்முகநாதன், வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கத்திப் பேசமாட்டார். வேலை செய்பவனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வரும். அவர் நீண்டகாலச் சீனி வருத்தக்காரர். காலில் ஒரு கீறல் பட்டாலும் ஆறாது என்று வைத்தியர் சொன்னதால், கோயிலுக்குள் தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் நடப்பார். அதை ஒருவரும் பாதணி என்று சொன்னதில்லை.

முதல் நாள் வெளிமதில். பூட்ஸைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் உள்வீதித் தூண்கள். உள்ளே பாதணி கூடாது என்பது சுதாகரனுக்குத் தெரியாதா? அதற்காகவே புதுச் சோடி பூட்ஸ் ஒன்றை வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்து, வாசலில் வைத்து மஞ்சள் தண்ணீரால் கழுவினான்.

"உதென்ன?" என்று கேட்டார் சண்முகநாதன்.

"புதுசு, ஐயா. றோட்டிலை வைக்கேல்லை. தோல் இல்லை, தனி றப்பர். மஞ்சள் தண்ணியிலை கழுவிப்போட்டன்."

"மஞ்சளிலை கழுவினால் சப்பாத்து, சப்பாத்து இல்லையெண்டு ஆகிடுமோ?"

மண்டபத்தில் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த ஐயர் சிரித்தார். "ஆகமத்திலை றப்பரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. எனக்கு ஆட்சேபம் இல்லை. கழுவிற ஆளுக்கும் கால் வேணும்தானே."

"ஐயா, நீங்கள் பேசாமல் இருங்கோ. நாளைக்குச் சனம் கேட்டால் பதில் சொல்லுறது நான்," என்றார் சண்முகநாதன்.

வெளிவீதி ஓரத்தில் ஒரு பப்பாசி மரம் நின்றது. சுதாகரன் போய் ஒரு காயைப் பிடுங்கி மதிலில் வைத்து, மஞ்சள் நுனியைக் கிட்டப் பிடித்து ஒரு கணம் அடித்தான். தோலில் கடுகளவு துளை. வேறொன்றும் இல்லை. கத்தியால் பிளந்து காட்டினான். உள்ளே சதை கரைந்து கூழாகி விதையோடு வழிந்தது.

"பாருங்கோ, ஐயா. வெளியிலை ஒண்டும் தெரியாது. காலிலை பட்டாலும் இப்பிடித்தான்."

"உது பப்பாசி. நீ மனிசன். அம்மன்ரை வாசலிலை நிண்டு காயை வெட்டி அபசகுனம் காட்டாதை." பிறகு சண்முகநாதன் குரலைத் தணித்தார். அவன் தோளுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. "பார் சுதா, வேறை ஆரும் போட்டால் கண்டும் காணாமல் விடலாம். நீ போட்டால், உங்கடை ஆக்கள் சப்பாத்தோடை உள்ளுக்கை வந்திட்டினம் எண்டு கதை வரும். உனக்காகத்தான் சொல்லுறன்."

அவர் சொன்னது பொய்யல்ல. அப்படித்தான் கதை வரும். சுதாகரனின் தகப்பன் அந்தக் கோயிலுக்குள் முதல் முதல் போன நாளில் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு இரண்டு மைல் வெறுங்காலோடு நடந்தவர். வாசலில் கழற்றினால்கூடச் செருப்போடு வந்தான் என்று சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அரை நூற்றாண்டு வயதாகியும் சாகவில்லை. மகனுடைய காலுக்கு வந்து சேர்ந்தது. வேறு சாதிக்காரன் ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தால், "அப்ப நீங்களே கழுவுங்கோ" என்று மெசினைக் கட்டிக்கொண்டு போயிருப்பான். சுதாகரன் பூட்ஸைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தான். போட்டிருந்த சேட்டையும் கழற்றினான், அம்மன் முன்னால் ஆண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. கண்ணாடி மட்டும் மிஞ்சியது. கண்ணாடிக்கு அம்மனிடம் ஆட்சேபம் இருக்கவில்லை.

மூன்றாவது தூணில் நடந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும். கரி இளகி, எண்ணெயும் தண்ணீருமாகப் புதுக் கருங்கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்கால் வழுக்கியது. விழாமல் இருக்க அவன் எட்டி மிதித்த வலக்காலைத் துவக்கின் நுனி குறுக்கே கடந்து போனது. விரல் விசையை விட்டதற்கும் தண்ணீர் நின்றதற்கும் இடையில் இருந்தது ஒரு கண்ணிமைப்பொழுது.

எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றான் பிறகு. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கடுகளவு துளை.

சண்முகநாதன் குனிந்து பார்த்தார். "இரத்தம் வந்ததோ?"

"இல்லை, ஐயா."

"நல்ல காலம்."

யாகசாலைப் பூசை தொடங்கிவிட்டது. இரத்தம் விழுந்திருந்தால் பிராயச்சித்தம் செய்ய வேண்டியிருக்கும். அவருடைய நிம்மதியில் நடிப்பு எதுவும் இல்லை.

"ஐயா, பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும். உள்ளுக்கை அடிச்சிருக்கும்."

"உள்ளுக்கை போறதுக்கு அது என்ன, வெடியே? தண்ணிதானே. தீர்த்தம் எண்டு நினை. நாளையிண்டைக்கு எண்ணெய்க்காப்பு, சனம் வரத் தொடங்கியிடும். இன்னும் நாலு தூண் கிடக்கு."

அவன் அந்தத் தூணை முடித்தான். அடுத்த தூணில் பாதி செய்தான். காயம் பட்ட பிறகும் ஏன் நின்றாய் என்று எத்தனையோ பேர் அவனைக் கேட்டுவிட்டார்கள். அரைகுறையில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் என்ற பெயரையும் அந்த ஊர் ஒரு பக்கத்து ஆட்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை அவன் சொல்லவில்லை. "முடிப்பம் எண்டு நினைச்சன்" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மணிக்குக் கால் கனக்கத் தொடங்கியது. ஓட்டோ பிடித்துச் சந்தியில் இருந்த டிஸ்பென்சரிக்குப் போனான். அங்கிருந்தவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"நுளம்பு கடிச்ச அளவும் இல்லை. உதுக்கு ஆஸ்பத்திரி கேக்குதோ?"

"சேர், பப்பாசிக்காய்க்கு அடிச்சுப் பாத்தனான். வெளியிலை சின்ன ஓட்டை, உள்ளுக்கை..."

"பப்பாசிக்காய்க்கு அடிக்கச் சொல்லி ஆர் காணும் உனக்குச் சொன்னது?"

வாங்கில் குந்திக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஏற்பு வலி வராமல் ஒரு ஊசி, நோவுக்குக் குளிசை, துளைக்கு மேல் ஒரு பிளாஸ்ரர். அந்த நேரம் அவன் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்கும். ஆனால் இரண்டு பெரியவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, தன் கண்ணால் கண்டதை அவனே சந்தேகப்பட்டான். அப்படிச் சந்தேகப்படத்தான் அவனைப் பிறந்த நாளில் இருந்து பழக்கியிருக்கிறார்கள்.

விடிந்தபோது கால் கணுக்கால் வரை வீங்கி, தோல் இறுகி மினுங்கியது. உதயகலா அதற்குள் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்துவிட்டாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். வாசலில் பூட்ஸ் வைத்துக் கழுவிய கதை அவளுக்கு முன்பே அவள் வீட்டு வேலிக்கு வந்திருந்தது.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஏன் உதை அங்கை கொண்டுபோனனீங்கள்? அம்மன்ரை மஞ்சளிலை சப்பாத்துக் கழுவினால் அவவுக்குக் கோவம் வராதோ?"

"கலா, நான் அதைப் போடேல்லை. போட்டிருந்தால் இந்தக் கால் இப்பிடி இருக்காது."

"போடவேணும் எண்டு நினைச்சனீங்கள்தானே."

உதயகலா முட்டாள் அல்ல. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு மிகச் சிறந்த சித்தி எடுத்தவள். ஆனால் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம்.

மதியப் பூசைத் தீர்த்தம் வரும்வரை பொறுக்கச் சொன்னாள். விரல்களில் நோவு குறைந்துவிட்டது என்று அவன் சொன்னபோது கை கூப்பினாள். நோவு குறைந்தது விரல்கள் செத்ததால். அது அவனுக்குத் தெரிந்தது. விரல்களைத் தொட்டுப் பார்த்தான், குளிர்ந்து கிடந்தன. மோட்டார் சைக்கிளில் ஏறப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் சண்முகநாதனுக்கே தொலைபேசி எடுத்தான். அவர் மறுக்கவில்லை. தன் காரிலேயே கொண்டுபோனார்.

"எனக்குத் தெரியும் சுதா, கால் எண்டது கவனமாப் பாக்கவேண்டிய சாமான்," என்று வழியில் சொன்னார். "என்ரை காலுக்கு நான் படுற பாடு."

ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற இடத்தில், எப்படி நடந்தது என்று கேட்டதற்கு அவர்தான் மறுமொழி சொன்னார். "வீட்டிலை வாகனம் கழுவேக்கை." சுதாகரன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தாளில் கோயில் இல்லை. தூண் இல்லை. கழற்றச் சொன்ன வாயும் இல்லை.

அடிபட்டு இருபத்தெட்டு மணித்தியாலம் கழித்துக் காலைத் திறந்தார்கள். உள்ளே கறுத்த எண்ணெயும் வௌவால் எச்சமும் சுண்ணாம்புத் தண்ணீரும் தசைநாரைப் பின்பற்றிக் குதிக்காலுக்குக் கிட்ட வரை போயிருந்தன. ஐந்து விரல்களும் போயின. நான்கு நாள் கழித்துப் பாதத்தில் பாதி.

"அடிபட்டு ஆறு மணித்தியாலத்துக்குள்ளை வெட்டிக் கழுவியிருந்தால் இவ்வளவு வந்திராது," என்றார் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர். "பூட்ஸ் போடுறதில்லையோ?"

"போடுறனான், சேர். அண்டைக்குப் போடேல்லை. அம்மன் கோயில்."

வைத்தியரின் நெற்றியில் காலையில் பூசிய விபூதி இருந்தது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாதத்தில் பாதி போன அதே நாளில் கும்பாபிஷேகம். கனடாக்காரருக்காக நேரடி ஒளிபரப்பு வைத்திருந்தார்கள். உதயகலா ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தாள். கோபுரத்துக்கு மேல் ட்ரோன் பறந்து பூச் சொரிந்தது. உள்வீதியைக் காட்டியபோது, கீழே எழுதி அனுப்பும் இடத்தில், தூண்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, எல்லாம் அம்மன் அருள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சுதாகரனும் எட்டிப் பார்த்தான். அவன் பாதியில் விட்ட தூணுக்கும் அதற்கு அடுத்தவற்றுக்கும் பட்டுத் துணி சுற்றியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் காதில் விழுந்த கதை இதுதான்: சப்பாத்துப் போட்ட காலை அம்மன் எடுத்துவிட்டாள். போடவில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். போடாமல் ஏன் எடுக்கப்போகிறாள் என்று திருப்பிக் கேட்டார்கள். ஐயருக்கு உண்மை தெரியும். அவர் ஒருநாள் சைக்கிளில் வந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டு, "நான் சொல்லிப் பாத்தனான்தானே" என்றார். அதை வெளியில் சொல்லுங்கோ என்று சுதாகரன் கேட்டான். அவர் சம்பளத்துக்குப் பூசை செய்கிற மனிதர். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டார்.

மிச்சமிருந்த பாதிப் பாதம் ஆறவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் கிளினிக். எலும்புக்குள் கிருமி போய்விட்டது என்றும், முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் மேலே ஏறும் என்றும் சொல்லி, அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். சுதாகரனுக்கு அந்தக் குதிக்காலாவது வேண்டும். குதி இருந்தால் உள்ளே பஞ்சு வைத்த பூட்ஸ் ஒன்றைச் செய்வித்து, ஒருவிதமாக ஊன்றி நிற்கலாம், துவக்கின் தள்ளலைத் தாங்கலாம் என்று நம்பியிருந்தான். இனி அதுவும் இல்லை.

திங்கட்கிழமை உதயகலா தன் காதுத் தோட்டைக் கொடுத்து வெள்ளியில் ஒரு கால் வாங்கினாள். உள்ளங்கை நீளத் தகட்டுக் கால், காணிக்கை போடுகிறது. அதே கோயிலுக்குக் கொண்டுபோனாள். சண்முகநாதன் ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி அழைத்து, மூலஸ்தானத்துக்கு முன்னால் அவளுக்குக் காளாஞ்சி கொடுத்தார். வெற்றிலை, பழம், பூ வைத்து, திருவிழா செய்கிற பெரிய குடும்பங்களுக்கு மட்டும் கொடுக்கும் மரியாதைத் தட்டு. பனங்கூடல் பக்கத்து ஆள் ஒருவர் கையில் அந்தத் தட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் அழுதுகொண்டு வந்தாள். சந்தோச அழுகை.

"எல்லாரும் பாத்தவை. தலைவர் தன்ரை கையாலை தந்தவர்."

"எந்தக் காலைக் குடுத்தனி?"

அவள் தயங்கினாள். "கடையிலை இடக்கால்தான் இருந்தது."

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் ஏன் சிரிக்கிறான் என்பதல்ல, இனி அம்மன் இடக்காலையும் எடுத்துவிடுவாளோ என்பதே அவளுக்குப் பயம். "வியாழன் போகாதேங்கோ," என்று கையைப் பிடித்தாள். "மண்டலாபிஷேகம் முடிய இன்னும் ஒன்பது நாள். அதுவரைக்கும் பொறுங்கோ. அம்மன் பாத்துக்கொள்ளுவா."

"முதல் நாளும் பொறுத்தனாங்கள், கலா."

வியாழக்கிழமை அவன் ஊன்றுகோலோடு தனியே பஸ் ஏறினான். சம்மதத் தாளில் கையெழுத்தையும் தானே வைத்தான்.

ஒன்பது நாள் பொறுத்திருந்தால் கால் மிஞ்சியிருக்கும் என்று ஊர் இப்போது சொல்கிறது. அந்த ஊரில் அம்மன் தோற்க முடியாது. கால் போனால் அவள் கோபம், உயிர் மிஞ்சினால் அவள் கருணை, தூண் மினுங்கினால் அவள் அருள். கழுவினவனுக்கு எதிலும் பங்கில்லை.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் பார்வையாளர் நேரத்தில் உதயகலா வந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. சோற்றுப் பெட்டியைத் திறந்தாள், நெற்றியில் விபூதி பூசினாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. இவ்வளவு நாளும் திருப்பிக்கொண்டிருந்தவன்.

"அம்மன் உங்கடை உயிரை விட்டுவைச்சிட்டா, பாத்தியளே. அவ நினைச்சிருந்தால் அதையும் எடுத்திருப்பா."

அவனுக்குப் பசித்தது. இனிப் பேசி என்ன வருகிறது என்று இருந்தது.

"ஓம்," என்றான்.